தர்மண்ட்: ஐந்து பேர் வசிக்கும் ரயில் ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஃபேயட் கவுண்டியில், நியூ ரிவர் ஆறு மலையை ஆழமாக அறுத்துப்போகும் பள்ளத்தாக்கின் அடியில் தர்மண்ட் இருக்கிறது. 2020 கணக்கெடுப்புப்படி அங்கே வசிப்பவர்கள் 5 பேர். 1910-ல் இந்த ஊர் நிலையத்தின் கணக்கில் ஏறிய சரக்கு வருவாய் 48 லட்சம் டாலர். செசபீக் அண்ட் ஓஹையோ ரயில்வே (இனி சி அண்ட் ஓ) ஈட்டிய மொத்த வருவாயில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் மனம் தானாக ஒரு கதை கட்டிவிடும்: பெரிய நகரம் ஒன்று இருந்தது, கரி தீர்ந்தது, டீசல் இன்ஜின் வந்தது, ஊர் பாழானது. சுற்றுலாக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கின்றன. அந்தக் கதையை 1910 கணக்கெடுப்பே மறுக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வருவாய் குவிந்த அதே ஆண்டில் தர்மண்டில் இருந்தவர்கள் 315 பேர்தான். தர்மண்ட் எந்தக் காலத்திலும் பெரிய ஊராக இருந்ததில்லை. பெரிதாக இருந்தது அங்கே நடந்த வேலை. அந்த வேலை என்ன, அதில் எந்தப் பகுதி ஆட்களை ஊரிலேயே தங்கவைத்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் மக்கள்தொகை ஏறி இறங்கிய விதம் புரியும்.

தெரு இல்லாத ஊர்

சி அண்ட் ஓ-வின் பாதை 1873 ஜனவரி 29 அன்று ஹாக்ஸ் நெஸ்ட் அருகே முழுமையானது. ரயில்வே முதலாளி காலிஸ் ஹண்டிங்டன் பணம் திரட்டி முடித்த பாதை அது. கடலோர வர்ஜீனியாவையும் ஓஹையோ ஆற்றையும் இணைப்பதே நோக்கம். ஆனால் வழியில் பள்ளத்தாக்கின் சுவர்களிலேயே நிலக்கரிப் படிவங்கள் வெளியே தெரிந்தன. ஆறு ஏற்கெனவே அறுத்து வைத்திருந்ததால் ஆழக் குழி தோண்டத் தேவையில்லை. மலைச்சரிவில் படிவம் தெரியும் இடத்தில் கிடைமட்டமாகக் குடைந்து போனால் போதும். அதே 1873-ல் சுரங்க உரிமையாளர் ஜோசப் பியூரி பள்ளத்தாக்கிலுள்ள குவினிமாண்டிலிருந்து நியூ ரிவர் கரியின் முதல் சுமையை அனுப்பினார். புகை குறைவாக வரும் கரி என்பதால் கப்பல்களுக்கும், கோக் சுடும் அடுப்புகளுக்கும் அதற்கு நல்ல கிராக்கி.

ஊருக்குப் பெயர் கொடுத்த கேப்டன் வில்லியம் தர்மண்ட், உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பில் இருந்தவர். நில அளவை செய்ததற்குக் கூலியாக 1873-ல் அவருக்கு இங்கே 73 ஏக்கர் கிடைத்தது. ஏக்கர் கணக்கைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதில் பெரும்பகுதி நிற்கக்கூட முடியாத சரிவு. சமதளம் என்பது ஆற்றோரத்தில் ஒரு நாடா மட்டும். அந்த நாடாவை ரயில்வே எடுத்துக்கொண்டது. மிச்சம் கிடந்த விளிம்பில் கடைகளும் வங்கியும் தண்டவாளத்தைப் பார்த்தபடி வரிசையாக எழுந்தன. வீடுகள் பின்னால் மலைமேல் ஏறின. கடைவீதிக்கு முன்னால் தெரு கிடையாது. வாசலில் இறங்கினால் நடைபாதை, அதற்கு அடுத்து ரயில். 1904-ல் கட்டிய மேன்கின்-காக்ஸ் கட்டடமும், 1906-ன் குட்மேன்-கின்கெய்ட் கட்டடமும், 1917-ல் எழுந்து பிறகு வங்கியான கட்டடமும் இன்றும் அதே வரிசையில் நிற்கின்றன. 1921 வரை ஊருக்குள் வர ரயிலைத் தவிர வேறு வழி இல்லை.

பக்கத்தில் இன்னும் பல சிற்றூர்கள் இருக்க, தர்மண்ட் மட்டும் ஏன் வளர்ந்தது? விடை ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. லூப் க்ரீக் ஓடை வழியாக உள்ளே போனால் பெரும் கரிநிலம். அது தாமஸ் மெக்கெல் குடும்பத்துடையது. அவர் ரயில்வேயோடு பேசி, ஆற்றின் குறுக்கே பாலமும் ஓடைவழிக் கிளைப்பாதையும் வரச்செய்தார். 1880-களின் இறுதியில் பாலம் வந்ததும் தர்மண்ட் சந்திப்பு நிலையமானது. கரி இருந்த ஊர்கள் பல. சுற்றியுள்ள கரி அத்தனையும் வந்து சேர்ந்து பிரியும் இடம் இது ஒன்றுதான்.

48 லட்சம் டாலர் யாருடைய பணம்?

சரக்கு வருவாய் எந்த நிலையத்தில் சீட்டு எழுதப்படுகிறதோ அந்த நிலையத்தின் கணக்கில் ஏறும். சுரங்கங்களின் முகப்பில் நிலைய அதிகாரி கிடையாது. கிளைப்பாதைகளிலிருந்து வந்த வேகன்களுக்கு தர்மண்ட் அலுவலகம் சீட்டு எழுதியது. எனவே 48 லட்சம் என்பது தர்மண்ட் மக்கள் சம்பாதித்தது அல்ல, சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் கரிக்கு ரயில்வே வாங்கிய கூலி. 315 பேருக்கு அதை வகுத்தால் தலைக்கு 15,000 டாலருக்கு மேல் வரும். அந்தக் கணக்கு நகைப்புக்குரியது என்பதிலிருந்தே அந்த எண் ஊரைப் பற்றியது அல்ல என்று தெரியும். பயணிகள் எண்ணிக்கையும் அப்படித்தான். அந்த ஆண்டு நிலையம் ஏறத்தாழ 75,000 பேரைக் கையாண்டது, நாளுக்கு 200-க்கும் மேல். ஊர்க்காரர்களே இந்தக் கணக்கை நிரப்பவேண்டுமானால், கைக்குழந்தை உட்பட மூன்றில் இரண்டு பேர் தினமும் ரயிலேறியிருக்கவேண்டும். வந்தவர்கள் சுரங்கக் குடியிருப்புகளிலிருந்து சாமான் வாங்கவும், வண்டி மாறவும், சம்பள நாளில் செலவழிக்கவும் வந்தவர்கள்.

கணக்கெடுப்பு ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவரை எண்ணும். ஊருக்கு வந்துபோகிறவர் எத்தனை ஆயிரம் ஆனாலும் எண்ணிக்கையில் சேரமாட்டார். சந்திப்பு ஊர்களைப் படிக்கும்போது முதலில் வழுக்கும் இடம் இது.

காலி வேகன்தான் உயிர்

அந்நாளைய சுரங்க முகப்பில் கரியைச் சேமித்து வைக்க இடம் கிடையாது. மலைமேல் சுரங்கவாய், கீழே தண்டவாளம், நடுவில் சரிவில் இறங்கும் ஏற்றுமேடை. கரி நேராக வேகனில் விழும். மேல்பக்கம் நிறுத்திய காலி வேகன்களை பிரேக்கைத் தளர்த்தி ஒவ்வொன்றாக இறக்கி, மேடையின் அடியில் நிரப்பி, கீழ்ப்பக்கம் சேர்ப்பார்கள். இன்ஜின் தேவையில்லை, சரிவே வேலையைச் செய்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. காலி வேகன் வராத நாளில் சுரங்கமே நின்றுவிடும். வெட்டிய கரியைப் போட இடமில்லை என்றால் வெட்டுகிறவருக்கு வேலையில்லை, டன் கணக்குக் கூலி என்பதால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. எந்தச் சுரங்கத்துக்கு எத்தனை காலி என்பது அதன் உற்பத்தித் திறனை வைத்துப் பங்கிடப்படும். அந்தப் பங்கீட்டில்தான் ஓயாத சண்டை. தர்மண்ட் யார்டில் காலிகள் பிரிந்து கிளைகளுக்குப் போயின. நிரம்பியவை திரும்பி வந்து, கிழக்கே ஹின்டன் வழியாக நியூபோர்ட் நியூஸ் துறைமுகத்துக்குப் போகும் நீண்ட வண்டிகளாகவும், மேற்கே ஹேண்ட்லி பக்கம் போகும் வண்டிகளாகவும் கோக்கப்பட்டன.

யார்டு வேலைக்கு ஷண்டிங் ஆட்கள், கிளைவண்டிக் குழுக்கள், எழுத்தர்கள், தந்திக்காரர்கள் வேண்டும். 1903-ல் பழைய நிலையம் எரிந்தது. அடுத்த ஆண்டே எழுந்த இரண்டு மாடி நிலையத்தில் மேல்மாடி முழுக்க இயக்க வேலைகளுக்கானது. ஆனாலும் வண்டிக் குழுவினர் ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குகிறவர்கள். வீடு பிடித்து, பிள்ளைகுட்டியோடு ஓரூரில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் வேறு வகை ஆட்கள். அவர்கள் இன்ஜினைப் பராமரிக்கும் ஷெட் ஆட்கள்.

நீராவி இன்ஜின் கேட்ட ஆட்கள்

கரிக் கிளைகளில் சி அண்ட் ஓ ஓட்டிய இன்ஜின்களில் முக்கியமானது 2-6-6-2 (சக்கர வரிசையைக் குறிக்கும் எண்) மேலட் வகை. தனித்தனி சிலிண்டர்கள் கொண்ட இரண்டு சக்கரத் தொகுதிகளில் முன்தொகுதி வளைவுகளில் திரும்பும்படி அமைந்த நீளமான இன்ஜின் அது. வளைவும் ஏற்றமும் மிகுந்த கிளைப்பாதையில் இழுக்கத் தோதானது. அப்படி ஒரு இன்ஜின் வேலை முடிந்து யார்டுக்குத் திரும்பினால் மறுபடி புறப்படுவதற்குள் என்னென்ன நடக்கவேண்டும் என்று பாருங்கள்.

முதலில் சாம்பல் குழிமேல் நிறுத்தித் தீயைச் சுத்தம் செய்யவேண்டும். கரியிலுள்ள மண்பொருள் உருகித் தட்டின்மேல் பாளமாகப் படியும். அதை உடைத்துத் தள்ளாவிட்டால் அடியிலிருந்து காற்று ஏறாது, தீ சாகும், ஏற்றத்தில் அழுத்தம் விழுந்து வண்டி நடுவழியில் நிற்கும். அடுத்து கரி. 1922-ல் கட்டிய கான்கிரீட் கோபுரம் 500 டன் கொள்ளும். தரைமட்டக் குழியில் வேகனைக் கவிழ்த்தால் வாளித்தூக்கி மேலே ஏற்றும். இன்ஜின் கீழே வந்து நின்றதும் சரிவுக் குழாயை இறக்கிவிடுவார்கள். ஒரு மேலட்டின் டெண்டரில் (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) 15 டன் அளவுக்குக் கரி பிடிக்கும் என்று வைத்தால் முழுக் கோபுரம் முப்பது சொச்சம் இன்ஜின்களுக்குப் போதும். பிறகு தண்ணீர், பல ஆயிரம் கேலன். பிறகு மணல். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணல் இது. ஈரமாக இருந்தால் குழாயில் அடைத்துக்கொள்ளும். அதனால் அடுப்பு வைத்து உலர்த்தி, சலித்துத்தான் ஏற்றவேண்டும். ஆற்றங்கரை மூடுபனியில் இது தினப்படி வேலை. பிறகு தண்டுகள், பேரிங்குகளுக்கு எண்ணெயும் கிரீஸும். இத்தனையும் முடிந்தபின், அடுத்த குழு வரும்வரை தீ அணையாமலும் தண்ணீர் மட்டம் இறங்காமலும் காவல் காக்க ஆள்.

இது அன்றாடம். மாதம் ஒருமுறையாவது கொதிகலனைக் கழுவவேண்டும் என்று 1911 சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கட்டாயமாக்கின. தண்ணீரிலுள்ள சுண்ணம் முதலியவை தகட்டின் உட்புறம் படிந்து கல்லாகும். படிவின் பின்னால் தகடு அளவுக்கு மீறிச் சூடேறி உப்பும், மோசமானால் வெடிக்கும். கழுவ வேண்டுமென்றால் அழுத்தத்தை மெல்ல இறக்கி, ஆறவிட்டு, வடித்து, அடைப்பான்களைக் கழற்றி, குழாய் அடித்துச் சுரண்டி, உட்சுவர்களைப் பிணைக்கும் போல்ட்டுகளைத் தட்டிப்பார்த்து ஒலியிலேயே முறிவைக் கண்டுபிடித்து, திரும்ப நிரப்பித் தீமூட்டவேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை அடித்தால் தகடு விரிசல் விடும். எனவே ஒரு இன்ஜின் ஒரு முழு ஷிஃப்டையும் விழுங்கும். கொதிகலன் கம்மியர், இயந்திரக் கம்மியர், குழாய்க்காரர், உதவியாளர், கழுவுகிறவர், சாம்பல் அள்ளுகிறவர் என்று வேலைப் பெயர்களே ஒரு பத்தி நீளும்.

இந்த ஆட்கள் இன்ஜின் இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டியவர்கள். நள்ளிரவில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வரவேண்டும். ரோடே இல்லாத ஊரில் அதற்கு ஒரே வழி, வீடு பக்கத்தில் இருப்பது. தர்மண்டின் குடியிருப்பு எண்ணிக்கைக்கு அடித்தளம் இவர்கள்தான் என்பது எங்கள் கணிப்பு.

அக்கரைக் கூத்து

தர்மண்டின் பெயர் கெட்டதற்குக் காரணமான சங்கதிகள் பெரும்பாலும் தர்மண்டில் நடந்தவை அல்ல. கேப்டன் தர்மண்ட் பாப்டிஸ்ட் சபைக்காரர். தன் நிலத்தில் மதுவை அனுமதிக்கவில்லை. ஆற்றைத் தாண்டினால் மெக்கெல்லின் நிலம், அங்கே அந்தத் தடை இல்லை. 1901-ல் நூறு அறைகளோடு டன்கிளென் ஹோட்டல் அங்கே திறந்தது. பதினான்கு ஆண்டுகள் இடைவிடாமல் ஒரே சீட்டாட்டம் நடந்தது என்று இன்றும் சொல்லப்படுவது அந்த ஹோட்டலைப் பற்றித்தான். மனிதர் தூங்காமல் ஆடினார்கள் என்று யாரும் நம்பவேண்டியதில்லை. மேசை காலியாகவே இல்லை என்று எடுத்துக்கொண்டால் போதும். 1914-ல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அக்கரைக்கு இருந்த தனிக் கவர்ச்சி சட்டப்படி அத்தோடு போனது.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் எல்லைப் பிரச்சினை. டன்கிளெனும் அதைச் சுற்றி வாழ்ந்தவர்களும் தர்மண்ட் ஊராட்சி எல்லைக்கு வெளியே. நடைமுறையில் ஒரே ஊர், கணக்கெடுப்பில் இரண்டு. "தர்மண்டில் ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள்" என்ற மாதிரிப் பேச்சுகள் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கின்றன.

எண்களை ஒவ்வொன்றாக

1910: 315
1920: 285
1930: 462
1940: 339
1950: 219
1960: 188
1970: 86
1980: 67
1990: 39
2000: 7
2010: 5
2020: 5

கதையும் கணக்கும் எங்கெல்லாம் முட்டுகின்றன என்று பார்க்கலாம். வருவாய் உச்சத்தில் இருந்த 1910-ல் 315. அடுத்த பத்தாண்டில், முதல் உலகப்போர் கரிக்கு நல்ல விலை கொடுத்த காலத்தில், எண்ணிக்கை சற்றே குறைகிறது. பிறகு 1930-ல் 462 என்று உச்சம் தொடுகிறது. அப்போது பங்குச்சந்தை விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குச் சாலை வந்து ஒன்பது ஆண்டு, பயணிகள் காருக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். 1922-ல் ஒரு பெரும் தீ கடைவரிசையில் ஒரு பகுதியை விழுங்கியிருந்தது. இத்தனைக்கும் மத்தியில் குடியிருப்போர் 62 சதவீதம் கூடுகிறார்கள். கடையும் ஹோட்டலும் பயணிகளும் இந்த எண்ணைத் தீர்மானித்திருந்தால் இப்படி நடந்திருக்க முடியாது. அந்தப் பத்தாண்டில் ஊரில் புதிதாக எழுந்த மிகப் பெரிய பொருள் 500 டன் கரிக்கோபுரம். ஷெட் வேலை கனத்த காலம் அது என்பதற்கு அதைவிடக் கனமான சாட்சி வேண்டாம்.

அடுத்தது சரிவு. 1930-க்கும் 1940-க்கும் நடுவே 123 பேர் போனார்கள். 1930 ஜூலையில் டன்கிளென் எரிந்தது. 1931-ல் நேஷனல் பேங்க் ஆஃப் தர்மண்ட் மூடியது. வங்கி போனால் சுரங்கங்களின் சம்பளப் பணம் அங்கே வருவது நிற்கும். சம்பளப் பணம் வராத ஊரில் நகைக்கடையும் மருந்துக்கடையும் நீடிக்காது. இது வணிகம் செத்த சரிவு. 1940-களில் இன்னொரு 120 பேர். போர்க்காலத்தில் கரிக்குத் தேவை குறையவில்லை, ரயில்வேக்கு வேலை நிறைய இருந்தது. ஆனாலும் ஆட்கள் போனார்கள். சாலை இருந்தது, கார் இருந்தது. தட்டையான நிலமும் பள்ளிக்கூடமும் உள்ள ஊரில் வீடு வைத்துக்கொண்டு வேலைக்கு மட்டும் பள்ளத்தாக்கில் இறங்கலாம். வேலை இருந்தும் குடியிருக்கவேண்டிய கட்டாயம் தளர்ந்த சரிவு என்று இதைப் படிக்கிறோம்.

இப்போது டீசலுக்கு வருவோம். சி அண்ட் ஓ கரி ஏற்றும் ரயில்வே. தன் பெரிய வாடிக்கையாளர் விற்கும் எரிபொருளைக் கைவிட அதற்கு மனம் வரவில்லை. 1949-ல்கூட பால்ட்வின் தொழிற்சாலையிடம் பத்துப் புதிய 2-6-6-2 இன்ஜின்கள் வாங்கியது. எல்லோரும் டீசல் வாங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆனாலும் 1956-ல் அதன் நீராவி யுகம் முடிந்தது. சாம்பல் குழி, தண்ணீர்த் தூண், கொதிகலன் கழுவுதல் எல்லாம் ஒரே அடியில் தேவையற்றுப் போயின. டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றினால் பல நூறு மைல் ஓடும். மூன்று நான்கை இணைத்து ஒரே குழு ஓட்டலாம். பழுது பார்ப்பதைப் பெரிய ஷெட்டுகளில் குவித்துக்கொள்ளலாம்.

அந்தப் பத்தாண்டில் தர்மண்ட் இழந்தது எவ்வளவு? 31 பேர். 1930-க்கும் 2000-க்கும் இடையில் 1970-களையும் 1980-களையும் தவிர்த்தால் மிகச் சிறிய இழப்பு இதுதான். "டீசல் ஊரைக் கொன்றது" என்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போகிறார்கள். அடி விழுந்ததும் அடுத்த பத்தாண்டில்தான் ஆள் விழுகிறது: 188-லிருந்து 86, பாதிக்கு மேல் காலி.

இந்தத் தாமதத்துக்கு விளக்கம் கடினம் இல்லை. ரயில்வேயில் பணிமூப்பு முறை உண்டு. ஒரு ஷெட் சுருங்கினால் முதலில் போவது இளையவர்கள். மூத்தவர் கடைசிவரை இருப்பார் அல்லது அதே கோட்டத்தில் இன்னோர் இடத்தில் வேலை பிடித்து வீட்டை இங்கேயே வைத்திருப்பார். ஓய்வு பெற்றவருக்கு 1930-களில் வந்த கூட்டாட்சி ரயில்வே ஓய்வூதியம் மாதாமாதம் வரும். விற்க முயன்றால் வாங்க ஆளில்லாத வீட்டில் அவர் ஏன் இருக்கமாட்டார்? கரிக்கோபுரமும் 1960 வரை பயன்பாட்டில் இருந்தது. அந்தத் தலைமுறை கழியத்தான் 1960-கள் பிடித்தன. 1963-ல் மிச்சமிருந்த லஃபயெட் ஹோட்டலும் எரிந்தது. வேலை போகும் ஆண்டும் வீடு காலியாகும் ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ரயில் ஊர்களில் அந்த இடைவெளி பத்து ஆண்டுகூடப் போகும்.

39-லிருந்து 7

1990-களின் சரிவு விகிதத்தில் எல்லாவற்றையும் விடப் பெரியது: 82 சதவீதம். இதில் கரியும் இல்லை, டீசலும் இல்லை. 1978-ல் நியூ ரிவர் பள்ளத்தாக்கு தேசிய நதியாக அறிவிக்கப்பட்டது. தர்மண்ட் 1984-ல் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் சேர்ந்தது. தேசியப் பூங்காத் துறை ஊரின் பெரும்பகுதியை வாங்கியது. 1995-ல் நிலையத்தைச் செப்பனிட்டுப் பார்வையாளர் மையமாக்கியது. 2003-ல் இருபது கட்டடங்கள் அளவில் மேலும் சிதையாமல் நிறுத்திவைத்தது. இன்ஜின் ஷெட்டுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அது 1993-ல் எரிந்துபோனது. ஊரை ஊராக்கிய கட்டடம் எது என்று கேட்டால் எங்கள் விடை அதுதான். தப்பிப்பிழைத்தது வங்கியும் கடைவரிசையும் கரிக்கோபுரமும்.

கட்டடத்தைக் காப்பாற்றிய கையே குடியிருப்பைக் குறைத்தது என்பதில் முரண் இருக்கலாம், குற்றம் இல்லை. அரசு கையில் போன வீட்டில் புதிய குடும்பம் குடியேறாது. முதியவர் இறந்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அதை ஈடுசெய்ய யாரும் வரமாட்டார்கள்.

பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் தர்மண்டின் பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதே சட்டத்தின் தயவு என்று தெரியும். கேமூர், நட்டல்பர்க் ஆகிய சுரங்கக் குடியிருப்புகள் கம்பெனி நிலத்தில் இருந்தவை. நட்டல்பர்க்கை 1920-களில் ஹென்றி ஃபோர்டு குத்தகைக்கு எடுத்துக் கரி வெட்டினார். ஊராட்சி அந்தஸ்து இல்லாததால், 1958-ல் நட்டல்பர்க்கும் 1962-ல் கேமூரும் சுரங்கத்தை மூடியதும் அவை கணக்கெடுப்பு அட்டவணையில் ஒரு வரிகூட விட்டுச்செல்லவில்லை. தர்மண்ட் 1900 வாக்கில் ஊராட்சியாகப் பதிவானது. 2,000-க்குக் குறைந்த ஊர்களுக்கு மாநிலச் சட்டம் தரும் வகுப்பில் அது இன்றும் சட்டப்படி ஒரு ஊர். மேயரும் மன்றமும் உண்டு. 2005 உள்ளூர்த் தேர்தலில் ஏழு பேரில் ஆறு பேர் போட்டியிட்டார்கள். 2015-ல் பாலினச் சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்து ஐந்துக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் விதி இயற்றி, நாட்டில் அப்படிச் செய்த மிகச்சிறிய ஊராகச் செய்தியில் வந்தது.

அந்த 5 எத்தனை?

2020 கணக்கெடுப்பில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஒரு புதிய முறையைக் கையாண்டது. தனிநபர் விவரம் வெளிப்படாமலிருக்கச் சிற்றிடங்களின் எண்களில் வேண்டுமென்றே சிறு பிசகு சேர்க்கப்படுகிறது. மாநில மொத்தம் மட்டும் மாறாது. ஐம்பதாயிரம் பேர் ஊரில் இந்தப் பிசகு தெரியவே தெரியாது. ஐந்து பேர் ஊரில் அது எல்லாமே. நெப்ராஸ்காவின் மோனோவை ஊர் தெளிவான எடுத்துக்காட்டு. அதுவும் ரயிலால் பிறந்த ஊர். ஒரே ஒரு பெண்மணி வசிக்கும் அந்த ஊருக்கு 2020 அட்டவணை 2 என்று காட்டியது. ஆகவே தர்மண்டின் 2010, 2020 எண்கள் இரண்டும் 5 என்பதை வைத்து "ஊர் நிலைத்துவிட்டது" என்று எழுதுவது பிழை. ஒற்றை இலக்கத்துக்கு வந்தபின் சதவீதம் போடுவதையும் விட்டுவிடவேண்டும்.

வேறொரு ரயில் ஊரை இப்படிப் படிக்க

முதலில் ஊராட்சி எல்லையை வரைபடத்தில் குறித்து, நடைமுறை ஊரில் எவ்வளவு வெளியே விடுபடுகிறது என்று பாருங்கள். அடுத்து, ரயில்வே அந்த ஊரில் என்ன செய்தது என்று பிரியுங்கள்: சீட்டு எழுதியதா, வண்டி கோத்ததா, குழு மாற்றியதா, இன்ஜினைப் பராமரித்ததா. கடைசி வேலை மட்டும்தான் குடும்பங்களைக் கட்டிப்போடும். குழு மாறும் இடத்தில் உணவகமும் படுக்கைவிடுதியும் வரும், குடும்பங்கள் வருவது குறைவு.

பிறகு கணக்கெடுப்பின் மூலத்தாள்கள். 72 ஆண்டு கழித்துத்தான் அவை திறக்கும். 1950-ன் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. 1890 தாள்களில் பெரும்பகுதி தீக்கு இரையானதால் அந்த ஆண்டைத் தேடி நேரம் வீணாக்கவேண்டாம். 1910 முதலான தாள்களில் பெயருக்குப் பக்கத்தில் தொழில், தொழில்துறை என்று இரண்டு பத்திகள் இருக்கும். அவற்றில் ஷெட் வேலை, வண்டிக் குழு, கடை, விடுதி என்று நான்கு குவியலாகப் பிரித்து எண்ணுங்கள். விடுதியில் தங்கியவரையும் குடும்பத்தலைவரையும் ஒரே குவியலில் போடவேண்டாம். முன்னவர் வேலை போன வாரமே போவார், பின்னவர் பத்தாண்டு இருப்பார். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த சான்போர்ன் வரைபடங்கள் அந்த ஊருக்கு இருந்தால், கட்டடம் கட்டடமாகப் பயன்பாடு தெரியும். எரிந்த கட்டடம் அடுத்த பதிப்பில் திரும்ப எழுந்ததா இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கும் ஊரில் எரிந்தது திரும்ப எழும்: தர்மண்ட் நிலையம் 1903-ல் எரிந்து 1904-ல் எழுந்தது. டன்கிளென் 1930-ல் எரிந்து எழவேயில்லை.

தண்டவாளம் மட்டும் இன்னும் ஓய்வெடுக்கவில்லை. சி அண்ட் ஓ இப்போது சிஎஸ்எக்ஸ் என்ற ரயில்வே நிறுவனம். அதன் சரக்கு வண்டிகள் அந்தக் கடைவரிசையின் வாசலை உரசியபடி தினமும் போகின்றன. வாரத்தில் மூன்று நாள் இரு திசையிலும் அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கார்டினல் வண்டி வரும். ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் மட்டுமே தர்மண்டில் நிற்கும்.